ஊர்க்கூடத்து ரவுட்டரும் பாடு நோட்டும்

எங்கள் ஊர்க்கூடத்தின் வெளிச்சுவரில் வைஃபையின் கடவுச்சொல் நீல எழுத்தில், ஒரு முழ உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. படகுகளுக்கு எண் எழுதுகிறவர், கையில் மீந்த பெயிண்டைக் கொண்டு அதையும் எழுதி முடித்திருந்தார். ஊரின் பெயர், அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. இறால் எடுக்க எளாவூரிலிருந்து வரும் வண்டிக்காரர்களும், பூநாரை பார்க்க ஞாயிறுதோறும் வருகிறவர்களும், சுண்ணாம்புக்குளம் போகும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்று கைபேசியில் எழுத்துகளைத் தட்டுவார்கள். ஊரில் யாரும் அதைக் குற்றமாக எண்ணவில்லை. இணைப்பு மெதுவாக இருக்கிறது என்ற முறையீடு மட்டும் மாலை வேளைகளில் எழும்.

ஒரு நாள் காலையில் காவல்துறையிலிருந்து இருவர் வந்தனர். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவருக்குப் பரிசு விழுந்ததாகச் செய்தி அனுப்பி ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தச் செய்தி புறப்பட்ட இடம் எங்கள் கூடத்தில் இருந்த ரவுட்டர். இணைப்பு ஊர்த் தலைவரின் பெயரில் இருந்ததால் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டனர். காற்று எப்போது திரும்பும் என்று ஊருக்கே சொல்கிற மனிதர், ஐ.பி. முகவரி என்றால் என்ன என்பதற்கு விடை தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இதை ஒழுங்கு செய்யாவிட்டால் இணைப்பே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று பகலிலேயே தலைவர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் சென்னையில் கணினி அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளுக்கிடையிலான சொற்போர்களில் தொடர்ந்து பரிசு வாங்குகிறவன் என்பதுதான் ஊருக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்த செய்தி. அந்தப் பெயர் எனக்கு உரியது என்றே நானும் எண்ணினேன். தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் வீட்டில் இருந்தேன். நைனா, என் அப்பா, இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படகிலிருந்து இறங்கி வந்தவர், நெஞ்சு கனக்கிறது என்று சொல்லி மணலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் அப்போது மதுரையில் ஒரு மேடையில் இருந்தேன். முதற்பரிசு எனக்கு அறிவிக்கப்பட்ட நேரத்தில் என் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கேடயம் பையில் இருக்க, சாவுக்கு வந்து சேர்ந்தேன். அழுகை வரவில்லை. மெல்ல வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் காத்திருந்தேன்.

ரவுட்டர் என்பது கூடத்தின் மூலையில், அம்மன் படத்துக்குக் கீழே ஒரு மரப்பலகையில் இருந்த சிறிய கறுப்புப் பெட்டி. உள்ளே லினக்ஸ் ஓடியது. என் மடிக்கணினியைக் கம்பியால் அதனுடன் இணைத்துப் பார்த்தேன். விற்றவன் வைத்துக் கொடுத்த நிர்வாகக் கடவுச்சொல் அப்படியே இருந்தது. வெளியுலகிலிருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பெட்டியை ஆளும்படி ஒரு வாசல் திறந்து கிடந்தது. அந்த வாசலைத் தட்டியவர்களின் பதிவு பக்கம் பக்கமாக ஓடியது. சிலர் தட்டியதும் உள்ளே வந்திருந்தார்கள். நான் பயப்பட்டிருக்க வேண்டும். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மாலை ஊர் கூடியது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் மணமான ஆண்களே பேசலாம்; மற்றவர்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம். தலைவர் என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன். கடவுச்சொல்லை மாற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். ஒரே வாரத்தில் அது வேறொரு சுவரில் ஏறிவிடும் என்றேன், சிரித்தார்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் படகு எண் போல ஒரு மேக் முகவரி உண்டு, அந்த முகவரிகளைப் பட்டியலிட்டு, பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும் வழிவிடுமாறு பெட்டிக்கு விதி எழுதலாம் என்றேன்.

"லிஸ்ட்டு யார் எழுதறது? அதுல ஒரு சண்ட வரும்பா," என்றார் பின்வரிசையில் இருந்த ஒருவர்.

பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது என்றேன். அதுதான் பாடு நோட்டு.

ஏரியில் எந்த நாளில், எந்தப் பகுதியில், யார் வலை இறங்கலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதற்குப் பாடு என்று பெயர். முறைக்கு உரியவர்களின் பெயர்கள் அந்த நோட்டில் இருக்கும். ஊரில் பிறந்து மணமான ஆணின் பெயர் அதில் ஏறும், இறந்தால் அடிக்கப்படும். ஏரிக்கு எந்த நோட்டு நீதி வழங்குகிறதோ அதே நோட்டு இணைப்புக்கும் நீதி வழங்கட்டும் என்றேன். ஒரு பெயருக்கு நான்கு கருவி. பெரிய வீடு, சிறிய வீடு என்ற வேறுபாடு இல்லை.

விருந்தாளி வந்தால், பள்ளிக்கூடத்து ஆசிரியை கேட்டால், வேண்டியவர் யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அப்போது நான் சொன்ன வாக்கியம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சாவியை வைத்திருப்பவன் தன் வீட்டுக் கதவை முதலில் திறந்தால் அதற்குக் காவல் என்று பெயரில்லை, களவு என்றே பெயர் என்றேன். எவருக்கும் விலக்கு வேண்டுமானால் இந்தச் சபை கொடுக்கட்டும், என் விரல் கொடுக்காது என்றேன். கை தட்டினார்கள். கூட்டத்தில் கை தட்டுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மேடையில் அந்த ஓசை கேட்டால் உள்ளே ஏதோ நிமிரும். அன்று ஓசை மட்டும் கேட்டது.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் வெளியிலிருந்து திறந்திருந்த வாசலை மூடினேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். பொத்தானை அழுத்தினாலே கருவிகளைச் சேர்த்துக்கொள்ளும் வசதியை அணைத்தேன். பழைய குறியாக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். பாதிப் பேரின் கைபேசி பழையது என்பதால் ஆகப் புதியதை வைக்க முடியவில்லை, அதற்கு முந்தியதை வைத்தேன். நீண்டதொரு கடவுச்சொல் அமைத்து வீடுவீடாகத் துண்டுச் சீட்டில் கொடுத்தேன். சுவரில் இருந்ததைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். ஒரு கை அடித்ததில் நீலம் உள்ளிருந்து தெரிந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் ஃபயர்வால். அதன் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பொருந்துகிற முதல் விதியே தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பெட்டி பார்க்காது. ஏற்கெனவே தொடங்கிய உரையாடலுக்கு வழிவிடு என்பது முதல் விதி. பட்டியலில் உள்ள முகவரிக்கு வழிவிடு என்பது இரண்டாவது. எதிலும் பொருந்தாததைக் கைவிடு என்பது கடைசி. வழி மறுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உனக்கு அனுமதி இல்லை என்று கேட்டவருக்குப் பதில் அனுப்பி மறுப்பது. மற்றொன்று, பதிலே சொல்லாமல் கைவிடுவது. கைவிடப்பட்டவருக்குத் தான் மறுக்கப்பட்டது தெரியாது, கேட்டுக்கொண்டே இருப்பார். வெளியிலிருந்து தட்டும் திருடர்களுக்குக் கைவிடுவதே சிறந்தது என்று படித்திருந்தேன். உள்ளே இருப்பவர்களுக்கும் அதையே எழுதினேன்.

பிறகு பாடு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக முகவரிகளை ஏற்றினேன். நைனாவின் பெயர் வந்தது. அதன்மேல் ஒரு கோடு இருந்தது. அளவுகோல் வைத்துப் போட்ட நேரான கோடு. எனக்கு மணமாகாததால் என் பெயர் நோட்டில் இல்லை. இறந்துபோன மற்றவர்களின் வீடுகளில் மகன்கள் மணமாகி நோட்டில் ஏறியிருந்தார்கள். ஆகவே ஊரில் நோட்டுக்கு வெளியே நின்றது ஒரே ஒரு வீடு. இது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துகொண்டே அடுத்த பெயருக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் அந்த இணைப்பை நம்பியிருந்தவள் அக்கா. சென்னையில் ஒரு கம்பெனி. மருத்துவர்கள் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டெழுதுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். நைனா போன பிறகு வீட்டுக்கு வந்த முதல் வேலை அது. கம்பெனி ஒரு மடிக்கணினியை அனுப்பியிருந்தது. முதல் மாதம் சோதனைக் காலம். அதில் பத்து நாள் முடிந்திருந்தது. சோதனைக் காலத்தில் அடுத்தடுத்து மூன்று நாள் வேலை முடியாமல் போனால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பது நிபந்தனை. ஏரிக்கரையில் கைபேசிச் சிக்னல் வரும், போகும். கூடத்து வைஃபைதான் எங்கள் கூரை வரை திடமாக எட்டும்.

விதிகள் நடைமுறைக்கு வந்த காலையில், ஒன்பது மணிக்குச் சற்று முன்பு அக்கா என்னிடம் வந்தாள்.

"டேய், நாலு கோடும் நிக்குது. ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது."

கடவுச்சொல் அவளிடம் இருந்ததால் வைஃபையில் சேர முடிந்தது. அதைத் தாண்டிப் போகத்தான் வழியில்லை. நம் வீடு பட்டியலில் இல்லை என்றும், நைனாவின் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது என்றும், மாதந்தோறும் அமாவாசையில் கூடும் ஊர்க் கூட்டத்தில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"அமாவாச இன்னும் அஞ்சு நாள் கீது. எனக்கு மூணு நாள்தான்டா."

"கேக்காம போட்டா ஊரு இன்னா சொல்லும்? நான்தான் அத்தினி பேருக்கு முன்னால பேசினேன்."

"ஊரு ஒண்ணும் சொல்லாது."

தலைவர் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நீ போய்க் கேட்டால் நான் அனுப்பியதாகத்தான் ஆகும் என்றேன். என் குரல் உயரவில்லை. விதியும் விலக்கும் ஒரே கையில் இருந்தால் விதி எப்படிச் சாகும் என்று அவளுக்கு நிதானமாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கைபேசியின் இணைப்பை வைத்து அன்று முழுதும் முயன்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கருவாடு காய வைத்தபடி, மாடி வெயிலில் உட்கார்ந்தவளைப் பார்த்து, நீயும் காய்கிறாயா என்று கேலி செய்தது கீழே எனக்குக் கேட்டது. மாலைக்குள் பத்தில் மூன்று பங்கு வேலைகூட முடியவில்லை.

அன்று கூடத்தில் வேறு கூட்டம். புதிய கைபேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, அவ்வப்போது புதிதாக ஒன்றைப் புனைந்துகொள்ளும். நான் பதிவு செய்திருந்தவற்றில் பல அப்படிப் புனைந்தவை. மாறியதும் பெட்டி அவற்றைக் கைவிட்டுவிட்டது. நேற்று வந்தது, இன்று இல்லை என்று பத்துப் பேர் வந்து நின்றார்கள். காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப என் போனு நாளுக்கு ஒரு மூஞ்சி வெச்சிகினு சுத்துதா?"

"ஒன்ன மாதிரியே வளத்து வெச்சிகிற," என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஒவ்வொருவரின் கைபேசியையும் வாங்கி, அந்த மறைப்பை அணைத்து, நிலையான முகவரியைப் பட்டியலில் ஏற்றினேன். பொறுமையாகச் செய்தேன். ஒருவர் தேநீர் வாங்கி வந்து கொடுத்தார். எல்லோரும் போன பிறகு, கைவிடப்பட்டவற்றின் பதிவைத் திறந்தேன். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சில நொடிக்கு ஒரு வரி. அது அக்காவின் மடிக்கணினி. கைபேசிச் சிக்னல் அறுந்தபோதெல்லாம் அது தானாக வைஃபைக்குத் தாவி, கம்பெனியின் வாசலைக் கேட்டிருக்கிறது. பெட்டி பதில் சொல்லவில்லை. மீண்டும் கேட்டிருக்கிறது. திரையில் வரிகள் மேலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகவரியை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டினால் முடிந்துவிடும். விசைகளின் மேல் என் கை இருந்தது. திரை மங்கியது, தொட்டால் வெளிச்சம் வரும், தொடவில்லை.

இரண்டாம் நாள் அக்கா பேருந்து ஏறிச் சுண்ணாம்புக்குளம் போனாள். அங்கே ஒரு கணினி மையத்தில் மூலை மேசை ஒன்றைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். பகல் பன்னிரண்டுக்கு மின்சாரம் போனது. நாலு மணிக்கு வந்தது. சுற்றிலும் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டு அலறியதில் மருத்துவரின் குரலே காதில் விழவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அமாவாசைக்கு நான் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். முன்னுரை, மூன்று வாதம், முடிவுரை. தலைக்கட்டு, அதாவது நோட்டில் பெயருள்ள ஆண், இல்லாத வீட்டின் உரிமை பற்றி அதுவரை எந்த மேடையிலும் நான் பேசியதில்லை. நன்றாக வந்திருந்தது.

மூன்றாம் நாள் மீண்டும் மாடி. தெற்குக் காற்று. சாக்கு ஒன்றைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு முறை மோர் கொண்டுபோனாள். மூன்றாம் முறை இறங்கி வந்தவள், எனக்கு எதிரே நின்றாள். அம்மாவுக்கு இந்தப் பெட்டி, பட்டியல் எதுவும் தெரியாது.

"ஒன்னால ஆவற வேலையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகும், ஆனால் கூட்டத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றேன். சரி என்று போய்விட்டாள். நான் படித்தவன் என்பதால் என் சொல்லை அவள் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

நான்காம் நாள் காலை கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கணக்கு மூடப்பட்டது, கருவியைத் திருப்பி அனுப்பவும். நான்கு வரிகள், மரியாதையான ஆங்கிலம். அக்கா கைபேசியில் படித்தாள். அழவில்லை. ஈரத்துணியால் மடிக்கணினியின் மூடியைத் துடைத்தாள். மாடியில் ஏறிய உப்புப் பொடி விசைகளின் இடுக்கில் இருந்தது. அதைத் துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து, வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையே சுற்றினாள். அதை அவள் எறியாமல் வைத்திருந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அமாவாசைக்குப் பிறகு இணைப்பு வந்துவிடும், வேறு கம்பெனி தேடலாம் என்றேன். நோட்டில் பெயர் இல்லாமல் நான் எதுவும் செய்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பெட்டிக்கு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூணு மாசமா வாசல்ல கூடைய வெக்கிறாங்களே, அது இன்னான்னு நெனச்ச?"

சில நாட்களில் காலையில் எங்கள் வாசலில் ஒரு கூடை இறால் இருக்கும். நைனாவுடன் வலை இழுத்தவர் வைத்துவிட்டுப் போவார். அது இரக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். இரக்கத்துக்குக் கைநீட்ட நேர்ந்ததே என்று, அவர் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

"பிச்ச போடறாங்கன்னு நெனச்சிகினியா? அது நைனா பாடு. சாவு வூட்டு பாடு ஒரு வருசம் நிக்காதுடா. மொறை வந்தா மத்தவங்க எறங்கி நம்ம பங்க கொண்டாந்து வெப்பாங்க. நோட்டுல போடற கோடு கணக்குக்குத்தான். அந்தக் கோட்ட யாரும் மதிக்க மாட்டாங்க." ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏரில நைனா பேருல இன்னும் வல வுழுது. நீ வெச்ச பொட்டிலதான் அவரு செத்துட்டாரு."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் ஒட்டினாள்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஐந்தாம் வகுப்பிலிருந்தே நான் விடுதிகளில் வளர்ந்தவன். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஊரைப் பற்றி மேடையில் பேசுவதற்காக நான் சேகரித்தது. நோட்டைப் படித்தேன், நோட்டில் எழுதப்படாமல் ஏரியில் நடப்பதை நான் பார்த்ததில்லை. பொருந்துகிற முதல் வரியே தீர்ப்பு என்ற பழக்கத்தில், நைனாவின் பெயர்மேல் இருந்த கோட்டோடு நின்றுவிட்டேன்.

அமாவாசையன்று யாரும் ஏரிக்குப் போகவில்லை. கூட்டம் காலையிலேயே கூடியது. எழுதிய தாளை எடுத்துப் போனேன். படகுத் துறையில் விளக்கு எரியாதது, ஐஸ் வண்டி நேரத்துக்கு வராதது எல்லாம் பேசி முடித்த பிறகு தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். எங்கள் வீடு இணைப்பில் இல்லை, சபை விலக்கு அளிக்க வேண்டும் என்றேன். முன்னுரையின் முதல் வாக்கியம் அது. இரண்டாவது வாக்கியத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

"இன்னாது? ஒங்க வூட்டுக்கு இல்லியா?" என்றார் தலைவர். "இதுக்கு இன்னாத்துக்குபா கூட்டம்? போட்டுக்க."

"பொட்டிய தெறந்தவனே வெளிய நிக்கிறான் பாரு," என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை.

நைனாவுடன் வலை இழுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டுப் பாடு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறதே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தினி நாளா இல்ல?"

ஆறு நாள் என்றேன்.

"அப்ப அந்தப் பொண்ணு வேல?"

"போச்சு," என்றேன்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்து கோயில் கொடிமரத்துக்குச் சாயம் பூசுவது பற்றிப் பேச்செடுத்தார். நான் உட்கார்ந்தேன். மடித்த தாள் சட்டைப் பையில் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கம்பியைச் செருகி, பட்டியலில் நைனாவின் பெயரை எழுதி, அதன்கீழ் நான்கு இடம் திறந்தேன். ஒன்றில் அம்மாவின் கைபேசியை ஏற்றினேன். இன்னொன்றில் என்னுடையதை. மற்ற இரண்டையும் அக்காவுக்கு ஒதுக்கினேன். கடைசி விதியையும் மாற்றினேன். உள்ளே இருக்கும் கருவிக்கு வழி இல்லையென்றால் இல்லை என்று பதில் போகும்படி எழுதினேன். சேமித்து, ஒரு கைபேசியைக் கொண்டு சோதித்தேன். உடனே மறுப்பு வந்தது. சரியாக வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கைபேசியைக் கேட்டேன். முகவரியைப் பார்த்து ஏற்ற வேண்டும் என்றேன்.

"வேணாம். இருக்கற டேட்டா போதும்," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாளே, அப்படிச் சொன்னாள். மறுபடி ஒரு முறை கேட்டேன். அதே பதில். இரண்டு இடங்களும் அப்படியே இருக்கின்றன. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து பராமரிப்புப் பார்ப்பேன். அவற்றில் இன்று வரை எதுவும் இணைந்ததில்லை. மற்ற வகையில் அமைப்பு நன்றாக இருக்கிறது. மாலையிலும் வேகம் குறைவதில்லை. காவலர்கள் திரும்ப வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, தங்கள் கூடத்துக்கும் இதே மாதிரி அமைத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். செய்து கொடுத்தேன். அவர்களிடம் எழுத்தில் இருப்பதைத் தவிர வேறு யார் யாருக்கு உண்டு என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் வந்தது.

அக்கா வேறு கம்பெனி தேடவில்லை. வீட்டிலிருந்து செய்கிற வேலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எளாவூரைத் தாண்டி ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டிக் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். மதிய ஷிப்டு. ஒரு மணிக்கு வேன் வந்து சாலை முனையில் நிற்கும். திரும்ப வருவதற்குள் ஊர் அடங்கியிருக்கும். எட்டு மணி நேரம் நிற்பதால் கால் வீங்குகிறது; அம்மா உப்பு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். ஆங்கிலத்தில் மருத்துவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதத் தெரிந்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

தேர்வு முடிந்து, சென்னையில் ஒரு சொற்போரில் கலந்துகொண்டுவிட்டு ஊருக்கு வந்தேன். சட்டம் பெரிதா, வழக்கம் பெரிதா என்பது தலைப்பு. சீட்டில் எனக்குச் சட்டம் விழுந்தது. பேசினேன். முதற்பரிசு. பேருந்திலிருந்து இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். சாலை முனையில் அக்கா வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சோற்றுப் பை. என் பையின் வாயிலிருந்து கேடயத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"இன்னா, ஜெயிச்சியா?"

"ம்."

"இன்னா தலைப்பு?"

சொன்னேன். எந்தப் பக்கம் பேசினாய் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "கொழம்பு மூடி வெச்சிருக்கேன். அம்மா சந்தைக்கு போயிருக்கு, நீயே போட்டுக்க," என்றாள்.

வேன் எளாவூர்ச் சாலையில் திரும்பியது. வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோறு போட்டுக்கொண்டேன். இறால் குழம்பு. உப்பு சரியாக இருந்தது. நிறையச் சாப்பிட்டேன்.